கிழக்கு வீட்டு அகப்பை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவரை அரண்மனையிலேயே விட்டுவிடுவோம். இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. இந்தக் கதை நடந்த வருஷமும் அவர் பட்டாடை கட்டிக்கொண்டு பொங்கல் சாப்பிட்டார் என்பதோடு அவர் சங்கதி முடிந்தது. அவருடைய நாட்டின் கிழக்குக் கோடியில், கடலை ஒட்டி, வெண்திட்டு என்று ஓர் உப்பளக் குடியிருப்பு இருந்தது. நாம் அங்கே போகவேண்டும். நல்ல சாப்பாட்டுக் கதை கேட்க ஆசைப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

வெண்திட்டில் ஒரே ஒரு தெரு. மேற்கே தொடங்கிக் கிழக்கே கடலில் போய் முடியும். அந்தத் தெருவில் இருந்த எல்லோருக்கும் ஒரே தொழில். கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டுவார்கள். சூரியன் காய்ச்சுவான். உப்பு விளையும். உள்நாட்டு உழவர்கள் வண்டியில் நெல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உப்பு வாங்கிப் போவார்கள். ஊரெல்லாம் மழைக்குக் கும்பிட்டபோது, வெயிலுக்குக் கும்பிட்ட ஜனம் அது.

ஆகவே தைப்பொங்கல்தான் அவர்களுக்குப் பெரிய பண்டிகை. அன்று அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கவனமாகக் கேளுங்கள், கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

தன் வீட்டுப் பொங்கலைத் தானே முதலில் தின்னக் கூடாது. பானை பொங்கியதும் முதல் அகப்பை கிழக்கே இருக்கும் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். அந்த வீட்டு முதல் அகப்பை அதற்கும் கிழக்கே போகவேண்டும். இப்படியே தெரு நெடுகப் போய், கடைசி வீட்டு அகப்பை கடலுக்குப் போகும். வாங்கிக்கொண்ட வீட்டார் அகப்பையை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. ஒரு சிட்டிகை உப்பு வைத்துத் தரவேண்டும். அவ்வளவுதான். யார் இதை ஏற்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு வருஷம் ஆவணியில் மழை வந்தது. அது மழை வருகிற மாதமே இல்லை. பாத்தி ஓரம் எல்லாம் உப்பைக் குவித்துப் பனையோலை போட்டு மூடியிருந்தார்கள். மழை ஓலையைக் கிழித்தது. பின்னாலேயே கடலும் மேடேறி வந்தது. விடிந்து பார்த்தால் குவியல் இருந்த இடத்தில் சேறு இருந்தது. ஒரு வருஷத்து உழைப்பு கடலிலிருந்து வந்த வழியே கடலுக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு வண்டிகள் வரவில்லை. உப்பு இல்லாத இடத்துக்கு நெல் வண்டி எதற்கு வரும்? பாத்திகளில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பங்குனி வரை வெயில் காய்ந்தால்தான் அடுத்த உப்பு.

கடல் தண்ணீரை அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் உப்பு கிடைக்காதா என்று நீங்கள் கேட்பீர்கள். கிடைக்கும். ஆனால் வெண்திட்டுக்காரர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். சூரியன் கொடுத்தால்தான் அது உப்பு, நெருப்பு கொடுத்தால் அது திருட்டு என்பது அவர்கள் கட்சி. பட்டினி கிடந்தாலும் பிடிவாதத்தை விடாத ஜனங்கள். எனக்கே அவர்கள்மேல் கோபம் வருவதுண்டு.

சேற்றில் முளைக்கும் உமரிக்கீரையை அவித்துத் தின்றார்கள். நண்டைத் தோண்டித் தின்றார்கள். பிறகு நண்டும் கிடைக்கவில்லை. அப்போதுதான் தை பிறந்தது.

தெருவின் கிழக்குக் கோடியில், கடைசிக்கு முந்தின வீட்டில், வெள்ளச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பெயர் உடையான். அவர்களுக்கு ஒரே மகள், பவளம். ஆடி மாதம் வரை தெருவில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை. இப்போது பாயில் சுருண்டு கிடந்தாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. பசிதான். பசிக்கு மருந்து என்ன என்று எல்லோருக்கும் தெரியும், அது எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

பொங்கல் அன்று விடியற்காலையில் வெள்ளச்சி கூரை எரவாணத்தில் கையை விட்டு ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தாள். அவிழ்த்தாள். உள்ளே ஒரு பிடி அரிசி இருந்தது. மழை கொட்டின அன்றைக்கே அவள் முடிந்துவைத்த அரிசி அது. பொங்கலன்று அடுப்பு மூட்டாமல் இருக்கமாட்டேன் என்று சூரியனுக்கு வேண்டிக்கொண்டு வைத்தது.

உடையான் அதைப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் அவன் முகம் அப்போது நன்றாக இல்லை.

"புள்ள இப்படிக் கெடக்கறப்ப இத முடிஞ்சா வச்சிருந்த?"

"வேண்டிக்கிட்டதுங்க."

"எவன்கிட்ட வேண்டிக்கிட்ட? நம்ம பொழப்ப மழையில கரைச்சானே, அவன்கிட்டயா? அவனுக்கு எதுக்குடி நன்றி?"

  வெள்ளச்சி அரிசியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டே சொன்னாள்: "பங்குனியில அவன்தான வந்து காயணும். இன்னிக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா அன்னிக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவனப் பாக்கறது?"

இதுதான் அவளுக்கு வந்த முதல் சோதனை.

ஒரு பிடி அரிசியைப் பொங்கல் பானையில் போட்டால் அடியில்கூடத் தெரியாது. பிறகு எங்கே பொங்குவது? பொங்கி வழியாவிட்டால் அது பொங்கலும் இல்லை. வெள்ளச்சி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பவளத்தின் தலைமாட்டில் அவள் விளையாடுகிற மண் சொப்பு இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற பானை, வாயும் வயிறுமாக நிஜப் பானை மாதிரியே செய்தது.

"பவளம், உன் பானையத் தர்றியா கண்ணு? அதுல பொங்கல் வைக்கலாம்."

பிள்ளைக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கண்ணைத் திறந்து பார்த்தது. "நெசப் பொங்கலா?" என்று கேட்டது.

"நெசப் பொங்கல்தான்."

பானைக்குக் கட்ட மஞ்சள் கொத்து இல்லை. மணலில் படர்ந்து கிடக்கும் அடம்பங்கொடியில் ஒரு நுனி கிள்ளி வந்து சொப்பின் கழுத்தில் கட்டினாள். பால் இல்லை. அரிசி களைந்த தண்ணீரையே ஊற்றினாள். வெல்லம் இல்லை. அதற்குப் பதிலாகப் போட எதுவும் இல்லை. மூன்று கல்லுக்குப் பதில் மூன்று கிளிஞ்சல் வைத்து, கடல் ஒதுக்கிய சுள்ளியைப் பற்றவைத்தாள்.

சூரியன் கடலில் தலை காட்டிய நேரத்தில் சொப்பு நுரைத்தது. சின்னப் பானைக்குப் பொங்க எவ்வளவு வேண்டும்? கொடி கட்டின கழுத்தைத் தாண்டிக் கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. பாயில் கிடந்த பவளம் மெல்லிய குரலில் "பொங்கலோ பொங்கல்" என்றது. வெள்ளச்சியும் சொன்னாள். உடையான் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இனி அவர்களுடைய வீட்டுக்கு மேற்கிலிருந்து அகப்பை வரவேண்டும். மேற்கு வீட்டில் மாடத்தி இருந்தாள். வெள்ளச்சி வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள். எல்லா வீட்டுக் கூரையிலும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. மாடத்தி வீட்டில் ரொம்பவே எழும்பியது. ஆனால் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. வெள்ளச்சி வெகுநேரம் நின்றாள். ஒரு கதவும் திறக்கவில்லை.

"பாத்தியா? எல்லாப் பயலும் உள்ள பூட்டிக்கிட்டுத் திங்கறான். வழக்கமாம் வழக்கம்" என்றான் உடையான். "உன் பானையில இருக்கறதே ஒரு அகப்பை. எறக்கி அந்தப் புள்ள வாயில ஊட்டு."

உண்மைதான். சொப்பில் இருந்தது மொத்தமே ஓர் அகப்பைதான். சிரட்டை அகப்பை பெரியது, சொப்பு சின்னது. முதல் அகப்பையைக் கொடுத்துவிட்டால் பானையில் ஒட்டியிருக்கும் பருக்கைதான் மிச்சம்.

இது இரண்டாவது சோதனை. இதில் அவள் சட்டென்று தேறிவிட்டாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. அவள் பவளத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சோற்றை ஒரு வாய் எடுத்து ஊதினாள். பிள்ளையின் உதடு வரை கொண்டுபோனாள்.

கிழக்கு வீட்டில் சாத்தையன் என்று ஒரு மனுஷர் தனியாக இருந்தார். நாள் முழுக்க வெள்ளை உப்பையே பார்த்துப் பார்த்து, அதில் அடிக்கும் வெயிலில் கண் போய்விட்டவர். அந்தத் தொழிலில் அது நடக்கிற காரியம்தான். அவர் மனைவி ஐப்பசியில் செத்துப்போனாள். கண் தெரியாத அந்த ஆள் பொங்கலுக்குக் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு, அகப்பைக்காக வாசலில் உட்கார்ந்திருப்பார். அவர் வீட்டுக்கு அகப்பை வருகிற வாசல் வெள்ளச்சியுடையது ஒன்றுதான். அவள் கொடுக்காவிட்டால் வேறு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

வெள்ளச்சி எடுத்த வாயை மறுபடி சொப்பிலேயே போட்டாள்.

"அம்மா போயிட்டு வந்து ஊட்டறேன் கண்ணு. இது கெழக்கு வீட்டுக்கு."

பிள்ளை சரி என்று தலையை ஆட்டியது. அதற்கும் அந்த வழக்கம் தெரியும். அதுதான் வெள்ளச்சிக்குத் தாங்கவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை அவள் நின்றிருப்பாள்.

சாத்தையன் அவள் நினைத்தபடியே வாசலில் உட்கார்ந்திருந்தார். கிழக்கே முகம். ஈரத் துண்டு. காலடிச் சத்தம் கேட்டதும், "வெள்ளச்சியா? வா தாயி" என்றார்.

"அகப்பை கொண்டாந்தேன் மாமா."

"வீட்டுல எல்லாரும் சாப்புட்டாச்சா?"

"இருக்கு மாமா. நெறையா இருக்கு. நீங்க சாப்புடுங்க."

இப்படி ஒரு பொய். சோற்றைக் கொடுத்தவள் பொய்யையும் சேர்த்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது வெண்திட்டுக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அவர் சோற்றைக் கையில் வாங்கினார். ஒரு பருக்கையை எடுத்துக் கடல் பக்கமாக நீட்டினார். "வந்துட்டியாப்பா?" என்று சூரியனைக் கேட்டார். "கண்ண எடுத்துக்கிட்டவனும் நீதான். இம்புட்டு நாளு கஞ்சி ஊத்தினவனும் நீதான். இன்னிக்கும் ஊத்திட்ட. நல்லாயிரு."

பிறகு சாப்பிட ஆரம்பித்தார். வெள்ளச்சி பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒரு வாயாவது மிச்சம் வைப்பார் என்று அவள் மனசு எதிர்பார்த்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை, அவள் பெற்றவள். ஆனால் அவர்தான் நிறைய இருக்கிறதென்று அவள் சொல்லக் கேட்டவராயிற்றே. மெதுவாக, ரசித்து, முழுவதையும் சாப்பிட்டார். விரலைக்கூட நக்கினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இரு தாயி, உப்பு வைக்கணும்" என்று எழுந்தார். சமையல் மூலையில் இருந்த உப்புச் சட்டியில் கையை விட்டுத் துழாவினார். சட்டி வெறுமையாக இருந்தது. கவிழ்த்துத் தட்டினார். ஒன்றுமில்லை. தெரு முழுக்கவே அப்படித்தான். உப்பு விளைவிக்கிற ஊரில் ஒரு வீட்டிலும் உப்பு கிடையாது.

"இல்லாட்டிப் போகுது மாமா, விடுங்க" என்றாள் வெள்ளச்சி.

"வெறும் அகப்பையா? என் வாசல்லேந்தா?"

அவர் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளறைக்குப் போனார். அங்கே ஒரு மண்பானை இருந்தது. வாய்க்குத் துணி கட்டிக் களிமண் பூசியிருந்தது. வெள்ளச்சிக்கு அது என்ன என்று தெரியும். வெண்திட்டில் ஒருவன் தன் கையால் விளைவித்த முதல் உப்பை ஒரு பானையில் அடைத்து வைத்துக்கொள்வான். செத்த பிறகு குழியில் அவன்மேல் கொட்டுவதற்கு. உப்பில்லாமல் போகிறவனை அந்தப் பக்கத்தில், முன்பே செத்துப்போன தன் ஆட்களே அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. மற்றவர்களுடைய பானை உப்பை எல்லாம் கடல் ஏறிவந்த அன்று தண்ணீர் கரைத்துவிட்டது. சாத்தையன் கண் தெரியாதவர் என்பதால், கால் இடறாமல் இருக்க அவர் மனைவி அதைப் பரண்மேல் வைத்திருந்தாள். அது ஒன்று தப்பியது. அவள் போனபோது அதிலிருந்துதான் அவளுக்குப் பாதி கொட்டிவிட்டு வாயை மறுபடி பூசிவைத்தார்.

அவர் களிமண்ணைக் கட்டைவிரலால் உடைத்தார்.

"மாமா, அது உங்க குழி உப்பு."

"குழிக்குள்ள போயி நான் என்ன கொழம்பா வைக்கப் போறேன்?"

அவர் சிட்டிகை எடுக்கவில்லை. அகப்பையை விட்டுக் குவியலாக அள்ளி நீட்டினார். அவ்வளவு உப்பை வெள்ளச்சி கண்ணால் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பிள்ளை சாப்பிடவில்லை என்பதையும், சொப்பில் பொங்கினதையும், மேற்கு வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டு தின்பதையும் எல்லாம் சொல்லிவிட்டாள்.

சாத்தையன் அகப்பையைக் கீழே வைத்தார்.  சாப்பிட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னத் திங்க விட்டுட்டியே தாயி" என்றார். பிறகு சொன்னார்: "ஆனா ஒண்ணு. மாடத்திய வையாத. காலையிலேந்து இங்கதான் ஒக்காந்துருக்கேன். மேக்காத்துல புகை வாசனைதான் வந்துச்சு. ஈர ஓலை, ஈர மட்ட. சோறு பொங்குன வாசனை உன் ஒருத்தி வீட்டுலேந்துதான் வந்துச்சு."

வெள்ளச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் திரும்பி மேற்கே எழும்பும் புகையைப் பார்த்தாள். தெரு முழுக்க வெறும் புகை. அடுப்பில் பானையே இல்லை. நம் வீட்டில் பொங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று எல்லோரும் ஈர ஓலையைக் கொளுத்திக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வெறும் வயிற்றோடு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுப் புகையைப் பார்த்து வயிறெரிந்தார்கள்.

"இந்தப் பானைய எடுத்துக்கிட்டுப் போ" என்றார் சாத்தையன். "அகப்பை அகப்பையா மேக்க கொடுத்துக்கிட்டே போ. கெழக்கால கெடக்குற கடலுக்கு ஒருநாளும் பசிச்சதில்ல."

வெள்ளச்சி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உடையான் பானைக்குள் பார்த்தான். நாட்டில் எங்கேயும் உப்பில்லாத வருஷம். உள்நாட்டில் ஓர் அகப்பை உப்புக்கு மரக்கால் நெல் கொடுக்க ஆள் இருந்தது. பானை முழுவதும் என்றால் பங்குனி வரை மூன்று பேரும் வயிறாரச் சாப்பிடலாம்.

"வெள்ளச்சி, இது நம்ம கைக்கு வந்தது. யாருக்கும் தெரியாது. அந்தாளுக்கும் கண்ணு தெரியாது. புள்ள பொழச்சுக்கும்."

இது மூன்றாவது சோதனை. மூன்றிலும் பெரியது. அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, ஒரு தகப்பன் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னான். வெள்ளச்சி பானையை அணைத்தபடி உட்கார்ந்துவிட்டாள். சொப்பில் ஒட்டியிருந்த பருக்கைகளைத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பவளத்துக்குப் புகட்டினாள். மூன்று மடக்கு வந்தது. பிள்ளை மூன்று மடக்கையும் குடித்துவிட்டு, "நல்லாருக்கும்மா. நம்ம பானையில பொங்குனதுல்ல" என்றது.

அதைக் கேட்ட பிறகு வெள்ளச்சி எழுந்தாள். உடையானுக்கு ஓர் அகப்பை உப்பை முறத்தில் அளந்து வைத்தாள். "இது நம்ம பங்கு. நெல்லாக்கிட்டு வாங்க" என்றாள். பானையை எடுத்துக்கொண்டு மாடத்தி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவு உடனே திறக்கவில்லை. திறந்தபோது உள்ளே கண் தெரியாத அளவுக்குப் புகை. அடுப்பில் ஈர மட்டை கனன்றுகொண்டிருந்தது. பானை இல்லை. மாடத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அகப்பை அனுப்ப முடியலக்கா. கதவத் தொறந்து எப்புடிச் சொல்லுவேன்?"

"நானும் உன்ன வஞ்சேன்டி. அது தீந்துபோச்சு. இந்தா, பிடி."

ஓர் அகப்பை உப்பை அவள் மடியில் கொட்டினாள். மாடத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதிலிருந்தே ஒரு சிட்டிகை எடுத்து அகப்பையில் திருப்பி வைத்தாள். வெறுமனே தரக் கூடாதல்லவா.

இப்படியே வெள்ளச்சி ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். ஒவ்வொரு வீட்டிலும் அதே புகை, அதே வெறும் அடுப்பு, அதே தலைகுனிவு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அகப்பை உப்பு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சிட்டிகை திரும்பி வந்தது. மேற்குக் கோடி வீட்டுக்குக் கொடுத்தபோது பானை காலியாகிவிட்டது. வந்த சிட்டிகைகளை அவள் பவளத்தின் சொப்பில் போட்டாள். அது விளிம்பு வரை நிறைந்திருந்தது.

அன்று சாயங்காலம் தெருவில் எந்தக் கதவும் சாத்தியிருக்கவில்லை. யார் வீட்டிலும் சோறும் இல்லை. ஆண்கள் உப்பை முடிந்துகொண்டு உள்நாட்டுக்கு நடந்தார்கள். திரும்பி வந்ததும் கஞ்சி காய்ச்சினார்கள். உமரிக்கீரையும் கஞ்சியுமாக நாட்கள் போயின. பவளம் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு நடந்தாள்.

இங்கேயே கதையை முடித்துவிட்டால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். எனக்கும்தான். ஆனால் கதை இன்னும் முடியவில்லை.

சாத்தையனுக்கு அந்தக் கஞ்சி போதவில்லை. துணை போன பிறகு அவர் உடம்பு தேறவே இல்லை. மாசியில், பாத்தியில் உப்பு கட்டத் தொடங்கும் முன்பே, வாசலில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

கடலோரத்தில் குழி வெட்டினார்கள். அவரை இறக்கினார்கள். பிறகு மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்மேல் கொட்ட உப்பு இல்லை. அவருடைய உப்பு எல்லோருடைய வயிற்றிலும் நெல்லாகப் போய்விட்டது. அவர் மனைவி அவரை அடையாளம் கண்டு சேர்த்துக்கொள்ள வேண்டிய உப்பு. "அடுப்புல காச்சி எடுத்துடலாமா?" என்று ஒருவன் மெதுவாகக் கேட்டான்.  அந்த மனுஷருக்கா திருட்டு உப்பு?

வெள்ளச்சி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நான்தான் வாங்கிக்கிட்டு வந்தேன். அவரு வழிய நான்தான் அழிச்சுப்புட்டேன்" என்று அழுதாள். சொப்பில் இருந்த உப்பும் கண்ணில் படாமல் போய் நாட்கள் ஆகியிருந்தன. கஷ்ட காலத்தில் புருஷன் நெல்லாக மாற்றித் தின்ன வைத்துவிட்டான் என்று நினைத்து அவள் கேட்கவும் இல்லை.

உடையான் கூட்டத்திலிருந்து விலகி வீட்டுக்கு நடந்தான். திரும்பி வந்தபோது அவன் கையில் அந்தச் சொப்பு இருந்தது. கழுத்தில் அடம்பங்கொடி காய்ந்துபோய் இன்னும் கட்டியிருந்தது. உள்ளே உப்பு விளிம்பு வரை அப்படியே இருந்தது.

"மூணு தடவ நெல்லாக்கலாம்னு எடுத்துக்கிட்டுப் போனேன்" என்றான் அவன். "மூணு தடவையும் பாதி வழியில திரும்பிட்டேன். எரவாணத்துல, அவ அரிசி வச்ச எடத்துலயே வச்சேன். ஏன்னு எனக்குத் தெரியல."

அவன் குழிக்குள் இறங்கினான். ஒவ்வொரு வீட்டுச் சிட்டிகையும் கலந்திருந்த அந்த உப்பை, தலையிலிருந்து கால்வரை, சிந்தாமல் தூவினான். அது ரொம்பக் கொஞ்சம்தான். ஆனால் போதுமானதாக இருந்தது. பிறகு ஏறி வந்து, காலையிலிருந்து காய்ந்துகொண்டிருந்த சூரியனைப் பார்த்து, அந்த வருஷத்தில் முதல்தடவையாக, கையெடுத்துக் கும்பிட்டான்.

பங்குனியில் உப்பு விளைந்தது. அமோகமாக என்று சொல்லமாட்டேன், சுமாராகத்தான். வண்டிகள் வந்தன. ஒவ்வொரு வருஷமும் பொங்கலன்று வெள்ளச்சி தன் வீட்டுப் பெரிய பானைக்குப் பக்கத்தில் அந்தச் சொப்பிலும் ஒரு பிடி அரிசி போட்டாள். அதன் முதல் அகப்பை கிழக்கே, ஆள் இல்லாத வீட்டைத் தாண்டி, கடலோரத்தில் சாத்தையன் கிடக்கும் மணல் மேட்டுக்குப் போனது. அங்கிருந்து உப்பு வைத்துத் தர யாரும் இல்லை. அவள் வெறும் அகப்பையோடு திரும்பி வருவாள். அந்த ஒருநாள் மட்டும் அதைப் பார்த்து யாரும் குறை சொன்னதில்லை.

பெரியவர்களே, பிள்ளைகளே, இந்தக் கதை சொல்வது இதுதான்: கையில் இருப்பது ஒரு பிடியே ஆனாலும், அதற்கு மனசார நன்றி சொல்லி முதல் பங்கை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிறவர் வீட்டில்தான் பண்டிகை வருகிறது.